பனிமூட்டத்தில் கூப்பிடாமல் நின்ற நேரம்

இப்போது கடற்கரையில் சிறிய பெட்டிகளைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். பெட்டி தானாகவே பறவைகளின் குரலைப் பதிவு செய்கிறது. கணினி அதைக் கேட்டு, எது எந்தப் பறவை என்று பிரித்துச் சொல்கிறது. நான் பார்த்த வேலைக்கு இப்போது வந்திருக்கும் இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் காட்டினார்கள். "நீங்கள் வெறும் கண்ணையும் காதையும் வைத்து எப்படிச் செய்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது முறைகள். ஆனால் எழுத உட்கார்ந்தால் முறைகளுக்கு முன்னால் ஒரு குளிர்காலக் காலை வந்து நிற்கிறது. அது அவர்களுக்குப் பயன்படுமா என்று எனக்குத் தெரியவில்லை. பயன்படாவிட்டால் இந்தப் பக்கங்களை அவர்கள் தள்ளிவிடலாம்.

யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்தேன். சில மாதம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். கலியாணமாகி, எண்பதுகளின் தொடக்கத்தில் அபுதாபிக்கு வந்தேன். கணவருக்குத் தொலைவில், ருவைஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. வியாழன் மாலை வருவார், வெள்ளி இரவு போய்விடுவார். மகள் துஷிக்கு மூன்று வயதானபோது, கடலோர ஆய்வுகள் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பறவைப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் மர்யா. பின்லாந்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர், எதையும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்லாதவர். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பார். எனக்கு வாய் வராது. கடைசிவரை 'மேடம்' என்றுதான் கூப்பிட்டேன்.

நான் தட்டிய அறிக்கை ஒன்றில் ஒரு பறவையின் பெயர் தவறாக இருந்தது. திருத்தலாமா, அதிகப்பிரசங்கித்தனமாகப் படுமா என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். பிறகு பென்சிலால் ஓரத்தில் ஒரு சிறு கேள்விக்குறி மட்டும் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் மர்யா என் மேசைக்கு வந்து ஒரு கை நிறையப் பருப்பைக் கொட்டினார். ஒரு நொடி காட்டிவிட்டுக் காகிதத்தால் மூடினார். "எத்தனை?"

சொன்னேன். அவர் எண்ணிப் பார்த்தார். "மோசமில்லை. வீட்டில் பழகு."

பறவைக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஒரு மூலையில் பத்தைச் சரியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து பிடிக்கும் இடத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு, கூட்டத்தின் மேல் அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போக வேண்டும். நான் வீட்டில் மைசூர்ப் பருப்பைத் தட்டில் கொட்டிக் கொட்டிப் பழகினேன். ஒரு வியாழன் கணவர் வந்து பார்த்துவிட்டு, "எண்ணினது காணுமப்பா, இனி அவியும். பசிக்குது" என்றார்.

எதிர்வீட்டு அக்காவை ராத்தா என்று கூப்பிடுவேன், கீழக்கரைக்காரர். அவர் கணவருக்கு நகரில் துணிக்கடை. நான் வேலைக்குப் போகும்போது துஷியை அவரிடம்தான் விட்டுப் போவேன். "கடையில துணி எண்ணுறாங்க, ஒங்க ஆபீசுல குருவி எண்ணுறாங்க. எங்க வீட்டு ஆளுட்ட சொன்னேன், நீங்களும் குருவி எண்ணப் போங்க, வெயில்லயாச்சும் கொஞ்சம் கறுப்பீங்கன்னு" என்று சிரிப்பார். அவர் கணவர் ஏற்கெனவே நல்ல கறுப்பு. ராத்தா இல்லாவிட்டால் நான் வேலைக்கே போயிருக்க மாட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு இருந்த வேலை இது. ருவைஸ் போகும் சாலையில், கடலை ஒட்டி ஒரு புதிய கட்டுமானம் வரவிருந்தது. அதற்கு முன் அந்தச் சேற்றுத் திட்டில் எத்தனை பறவைகள் வந்து தங்குகின்றன என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் உள்ளான்கள், உப்புக்கொத்திகள். வடக்கே பனிக்காடுகளிலும் அதற்கு அப்பாலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருபவை.

கடல் வற்றியிருக்கும்போது அவை கண்ணுக்கெட்டும் தூரம் சிதறி மேயும், எண்ண முடியாது. தண்ணீர் ஏற ஏறச் சேறு மூடிக்கொண்டே வரும். பறவைகள் பின்வாங்கிப் பின்வாங்கி, கடைசியில் சிப்பி குவிந்த ஒரு மேட்டில் ஒன்றாக வந்து நிற்கும். அப்போதுதான் எண்ண வேண்டும். மனிதரைக் கண்டால் பறந்துவிடும், வண்டிக்குப் பயப்படாது. ஆகவே தண்ணீர் ஏறுவதற்கு முன்பே லேண்ட் குரூசரை மேட்டுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்திருப்போம். தொலைநோக்கியைக் கதவுக் கண்ணாடியின் விளிம்பில் பொருத்திக்கொள்வோம். யாராவது இறங்கியே ஆக வேண்டுமென்றால் பறவைகளுக்கு மறுபக்கமாக இறங்க வேண்டும். கதவை அறைந்து சாத்தக் கூடாது. மெல்லச் சாய்த்து, தாழ் விழாமல், சும்மா ஒட்டியபடி விட வேண்டும். ஒரு கதவுச் சத்தத்தில் முழுக் கூட்டமும் எழுந்தால் அன்றைய நாளே போய்விடும்.

மர்யாவிடம் இந்தப் பழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு முறை காத்திருப்பில் கேட்டேன். அவர் ஊரில் குளிர்காலக் கணக்கெடுப்பு என்றால் நாள் முழுவதும் பனியில் சறுக்கிக்கொண்டு காட்டுக்குள் போக வேண்டுமாம். வெளிச்சம் கொஞ்ச நேரம்தான். பெரும்பாலும் எதையும் பார்க்க முடியாது. "நின்றுவிட வேண்டும். நீ நடந்த சத்தம் உன் காதிலிருந்து போகும்வரை நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் காடு பேசும்." அதுவரை நான் அவரிடம் கேட்ட மிக நீண்ட பேச்சு அதுதான்.

நான் எழுத வந்த நாளில் ராத்தாவின் மகனுக்கு அம்மை போட்டிருந்தது. காலையில் கதவைப் பாதி திறந்து, "புள்ளைய உள்ள விடாதீங்கம்மா, ஒட்டிக்கும்" என்றார். வண்டி கீழே வந்து நின்றுவிட்டது. துஷிக்கு அப்போது நான்கு வயது. வேலைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் நீரேற்றம் நல்ல வெளிச்சத்தில் வரும் நாள் அது. விட்டால் அடுத்த முறைக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். சொல்லாமல் நின்றால் மேடம் என்ன நினைப்பார், பிள்ளையோடு போனால் என்ன நினைப்பார் என்று படியில் மூன்று முறை ஏறி இறங்கினேன். கடைசியில் துஷிக்கு இரண்டு சட்டை போட்டு, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

மர்யா அவளைப் பார்த்தார். "சத்தம் போடுவாளா?"

"மாட்டாள், மேடம்."

"அப்படியென்றால் கட்டுமான எஞ்சினியர்களைவிட மேல்" என்று முன்னால் திரும்பிக்கொண்டார்.

வண்டி ஓட்டியவர் குல் பாய், பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர். துஷிக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தார். வழி முழுவதும் நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். "குருவி வந்தால் வாய் திறக்கக் கூடாது, என்ன? ஆர் கூப்பிட்டாலும் பேசக் கூடாது."

"நீங்கள் கூப்பிட்டால்?"

"நானும் கூப்பிட மாட்டன். எல்லாரும் சும்மா இருக்கிற விளையாட்டு."

சாலையை விட்டு இறங்கும்போது மூட்டம் மெல்லியதாக இருந்தது. மேட்டருகே வண்டியை நிறுத்தியபோது சூரியன் வெள்ளைத் தட்டுப் போலத் தெரிந்தது. விலகிவிடும் என்று நினைத்தோம். கடல் ஏறத் தொடங்க, மூட்டமும் அதனுடனே வந்ததுபோல் அடர்ந்தது. முதலில் அடிவானம் போயிற்று. பிறகு மேடு போயிற்று. பிறகு வண்டியின் முன்பக்கத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை. பறவைகள் வந்துகொண்டிருந்தன. பார்க்க முடியவில்லை, தலைக்கு மேல் இறக்கைச் சத்தமும், இறங்கும்போது ஒன்றோடொன்று முணுமுணுக்கும் சத்தமும் கேட்டன. மர்யா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு குரலாகச் சொன்னார். நான் எழுதினேன்.

பின்னிருக்கையில் துஷி தூங்கிவிட்டாள், நானும் மர்யாவும் முன்னால் மேட்டுப் பக்கமே திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தோம். வந்த தடம் நனைந்துவிட்டதா என்று பார்த்துவர குல் பாய் பறவைகளுக்கு மறுபக்கம், பின்கதவு வழியாக இறங்கினார். கதவைச் சத்தமில்லாமல், விதிப்படி, ஒட்டியபடி விட்டார்.

அவர் திரும்பி வந்து கதவில் கை வைத்தபோது அது அகலத் திறந்திருந்தது. பின்னிருக்கையில் தொப்பி மட்டும் கிடந்தது.

"பெஹன்ஜி, பேபி?" என்றார்.

உங்கள் பக்கம் வரவில்லையா என்று நானும், உங்களிடம் இல்லையா என்று அவரும் ஒரே நேரத்தில் கேட்டோம். நான் இறங்கினேன். "துஷி" என்று கத்தினேன். மேட்டிலிருந்த முழுக் கூட்டமும் எழுந்தது. எங்கள் தலைக்கு மேல் காற்றும் கூச்சலும். நான் வண்டியைச் சுற்றி ஓடினேன். துஷி, துஷி, துஷி. எந்தப் பக்கம் கத்தினாலும் என் குரல் பஞ்சில் விழுந்ததுபோல் இருந்தது. பதில் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டாலும் அவள் பதில் சொல்ல மாட்டாள்.

வண்டிக்கு ஒரு பக்கம் மேடு. எதிர்ப்பக்கம் நாங்கள் வந்த உறுதியான மண். ஆனால் மேட்டின் ஓரத்திலிருந்து அந்த மண்ணுக்குள் ஓர் ஓடை வளைந்து வருகிறது. வற்றும்போது முழங்கால் ஆழச் சேறு. கடல் ஏறும்போது முதலில் நிறைவது அதுதான். அது எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்று எனக்குத் தெரியும். வண்டியைச் சுற்றி ஓடியதில், அந்த மூட்டத்தில் அது இப்போது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

குல் பாய் வண்டிக்குள் கையை விட்டு ஹார்ன் அடிக்கப் போனார். "நஹீ" என்றார் மர்யா. அவருக்குத் தெரிந்த ஐந்தாறு உருதுச் சொற்களில் ஒன்று. பிறகு வந்து என் இரண்டு தோளையும் பிடித்தார்.

"கூப்பிடாதே."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. தமிழில் ஏதோ சொன்னேன்.

"கேள். இப்போது அவள் எங்கோ நிற்கிறாள், அல்லது உட்கார்ந்திருக்கிறாள். நீ கூப்பிட்டால் நடப்பாள். மூட்டத்தில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. ஓடை நடுவில் இருக்கிறதா என்றும் நமக்குத் தெரியாது." ஒரு மூச்சு விட்டார். "பறவைகள் திரும்ப உட்காரும். அவளுக்குக் கிட்ட இருப்பவை அடங்காமல் கத்தும். நாம் கேட்க வேண்டும்."

பெற்ற பிள்ளை சேற்றிலே நிற்க, கூப்பிடாமல் இரு என்கிறாள் இந்த மனுசி. இவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை, இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். இப்படி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்போது நினைத்தது அதுதான். குல் பாயைப் பார்த்தேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது, துஆ கேட்கிறார். அவர் கையும் ஹார்னிலிருந்து எடுபட்டிருந்தது. நான் என் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மேலே சுற்றிய கூட்டம் பகுதி பகுதியாக இறங்கியது. உப்புக்கொத்திகள் முதலில் அடங்கின. சின்ன உள்ளான்களின் கிசுகிசுப்பு தாழ்ந்தது. பிறகு தண்ணீர் வரும் சத்தம். அலைச் சத்தமல்ல, சேற்றுக்குள் இருக்கும் காற்றுக் குமிழ்களைத் தண்ணீர் பிடித்து வெளியே தள்ளும் மெல்லிய சத்தம். எல்லாப் பக்கமும் அது கேட்டது. ஒவ்வொரு குமிழும் என் பிள்ளையின் மூச்சு என்று எனக்குப் பட்டது. ஒரு முறை முந்தானையை எடுத்துவிட்டு வாயைத் திறந்தேன். மர்யா என்னைப் பார்க்கவில்லை. கையை மட்டும் உயர்த்தினார். திரும்ப மூடிக்கொண்டேன். அன்று ஏன் மூடினேன் என்று இன்றும் எனக்கு விளக்கத் தெரியவில்லை. அவரை நம்பியதாலா, மேலதிகாரி சொன்னால் கேட்கும் பழக்கத்தாலா?

சிவப்புக் காலுள்ள ஓர் உள்ளான் உண்டு. ரெட்ஷாங்க் என்பார்கள். கூட்டத்துக்குக் காவல் போல, எதற்கும் முதலில் கத்துவது அதுதான். ஓடைக் கரைகளில் தனித்தனியாக நிற்கும். இடது பக்கம், நான் உறுதியான மண் இருக்கும் என்று நினைத்த பக்கம், அது கத்தியது. மூன்று இறங்கு குரல். நின்றது. திரும்ப, அதே இடத்திலிருந்து, விடாமல் கத்தத் தொடங்கியது.

மர்யாவின் கை அந்தத் திசையில் நீண்டது. "பறக்கவில்லை, பார்" என்று கிசுகிசுத்தார். "எதையோ பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்கிறது."

பத்தடி நடந்தார், நின்றார், கேட்டார். நான் பின்னால். குல் பாயை வண்டியிலேயே நிற்கச் சொன்னார், திரும்பி வர எங்களுக்கு ஒரு குரல் வேண்டுமென்று. திரும்பிப் பார்த்தேன், வண்டி இல்லை. இன்னும் பத்தடி. காலுக்குக் கீழ் உப்புப் பொருக்கு உடைந்து ஈரம் வந்தது. கத்தல் சற்று வலப்புறம் தள்ளிக் கேட்டது, மர்யா வளைந்தார். நேரே போயிருந்தால் ஓடை. அதன் விளிம்பில் கறுப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததை இரண்டு எட்டு இடைவெளியில் கண்டேன். கரையோடு போனோம். பறவை எங்கள் முகத்துக்கு நேரே எழுந்து, கத்திக்கொண்டே மூட்டத்துக்குள் போயிற்று.

அது எழுந்த இடத்தில் துஷி நின்றாள். ஓடைக்குள் இறங்கும் சரிவில், ஒரு கால் முழங்கால்வரை சேற்றுக்குள். தண்ணீர் மற்றக் காலின் செருப்பை மிதக்கவிட்டிருந்தது. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. என்னைக் கண்டதும்தான் உதடு பிதுங்கியது.

"அம்மா, கால் வரமாட்டனெண்டுது."

நான் பாய்ந்தேன். மர்யா என் சேலையைப் பின்னால் எட்டிப் பிடித்து இழுத்துத் தரையில் உட்காரவைத்தார். தானே சேற்றில் குப்புறப் படுத்து, நீந்துவதுபோல் கையை நீட்டி, துஷியின் அக்குளில் பிடித்தார். இழுக்கவில்லை. மெல்ல அசைத்து அசைத்து, காலுக்கும் சேற்றுக்கும் நடுவே தண்ணீர் போகவிட்டு எடுத்தார். நான் அவருடைய இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டிருந்தேன். சேறு விட்டபோது ஒரு சத்தம் வந்தது. பிள்ளை என் மடியில் இருந்தாள், சில்லிட்ட மீன்போல்.

"சொல்லிப்போட்டு வரக்கூடாதா பிள்ளை?"

"பேசக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். எனக்கு ஒண்டுக்கு வந்தது."

மர்யா எழுந்து, வாயிலிருந்த சேற்றைத் துப்பி, "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு, "இப்போது கூப்பிடு, டிரைவரை" என்றார். நான் கூப்பிட்டேன். குல் பாய் ஹார்னை விடாமல் அழுத்தினார். அன்று அந்தக் கடற்கரையில் ஒரு பறவைகூட மிஞ்சியிருக்காது.

வியாழன் மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விடச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் துஷியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். "அந்த மனுசி கூப்பிட விட்டிருந்தால்?" என்றார். "தெரியாது" என்றேன். "ஓம்" என்றார், "ஒருத்தருக்கும் தெரியாது." நான் வேலைக்குப் போனேன். அதன் பிறகும் பல குளிர்காலங்கள் அந்தக் கரைகளில் உட்கார்ந்திருந்தேன், பிள்ளையை ஒரு முறைகூட அழைத்துப் போகாமல். அவர் கேட்ட கேள்வி மட்டும் போகவில்லை. கூப்பிட்டிருந்தால் உடனே வந்திருப்பாளோ? கால் புதையும் முன்னமே? இப்படியே ஒரு வரிசை ஓடும்.

ஒன்றை மட்டும் கணவரிடம் சொல்லவில்லை. அன்று திரும்பும் வழியில் நடந்தது.

மூட்டம் விலகி, சாலையில் வெயில் வந்துவிட்டது. துஷி குல் பாயின் சால்வைக்குள் சுருண்டு தூங்கினாள். மர்யா முன்னால் நேரே பார்த்தபடி இருந்தார். கழுத்திலும் முடியிலும் சேறு காய்ந்து வெடித்திருந்தது. நான் நன்றி சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக, "மேடம், அந்தப் பறவை கத்தாமல் இருந்திருந்தால் எவ்வளவு நேரம் என்னைப் பேசாமல் வைத்திருப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் மர்யா குல் பாயின் கையைத் தொட்டு, நிறுத்தச் சொன்னார். இறங்கி வண்டிக்குப் பின்னால் போனார். வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. குல் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையை மெல்ல இருக்கையில் கிடத்தினேன். என் பக்கத்துக் கதவை அறைந்து சாத்தி, கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டுப் பின்னால் போனேன்.

அவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றார். "எனக்குத் தெரியவில்லை" என்றார், நிமிராமல். "இன்னும் கொஞ்ச நேரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரியவில்லை."

பிள்ளைகள் சத்தி எடுக்கும்போது செய்வதுபோல, ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்தேன், மற்றக் கையால் முதுகைத் தடவினேன். குல் பாய் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றினார். லாரிகள் எங்களைக் கடந்து ருவைஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவர் மூச்சு சீராகும்வரை கையை எடுக்காமல் நின்றேன்.